டயாலிசிஸ் வீட்டில் தண்ணீர்ச் சண்டை: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாவுநூல் (பள்ளிபாளையம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ஈரோட்டுக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போகிறது, அதனால் பணத்தைப் பற்றி அழ நான் இங்கே வரவில்லை.

எங்கள் சண்டை தண்ணீரால். குடிப்பது சிறுநீராகப் போகாமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் பாட்டில் பாதிகூடக் குறைந்திருக்காது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் எடை போட்டால் மூன்றரை கிலோ ஏறியிருக்கும். தறிக்கூடத்துப் பானை, முக்கு டீக்கடை, எங்கே குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? கேட்டால், "நீ என்ன போலீஸா?" என்கிறார்.

முன்பெல்லாம் ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் தறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். இப்போது எங்கள் பேச்சில் பாதி எடை, மீதி பொட்டாசியம். திட்டாமலும், அதே நேரம் அவரைக் கை கழுவி விடாமலும் இதை எப்படி நடத்துவது? இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். "அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதெல்லாம் பார்த்தாகிவிட்டது.

மூணாவது ஷிப்ட் எழுதியது:

அக்கா, நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். தண்ணீரை விடுங்கள், உப்பைப் பிடியுங்கள். எட்டு கிராம் உப்பு உள்ளே போனால், அதற்கு ஈடாக உடம்பு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும். அந்தத் தாகத்தை மனவலிமையால் யாராலும் அடக்க முடியாது, நானாக இருந்தாலும் குடித்துவிடுவேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், டீக்கடை வடை, ஓட்டல் சாம்பார், இதில் எது ஓடுகிறது என்று பாருங்கள். அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் நாக்கு வறளும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், இந்துப்பு. எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் வீட்டில் இந்துப்புதான். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், கிட்னிக்கு நல்லது என்பதெல்லாம் வாட்ஸ்அப் கதை. அதைவிட மோசம் கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பு. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டயாலிசிஸ்காரருக்குப் பொட்டாசியம் அதிகமாக ஏறினால் இதயமே நின்றுவிடலாம். இளநீரும் அப்படித்தான்.

மூன்றரை கிலோவை ஏன் பெரிதாகச் சொல்கிறார்கள் என்றால், மிஷின் தண்ணீரை இழுக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். 60 கிலோ ஆள் என்றால் நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் சொச்சம்தான். அதற்கு மேல் இழுத்தால் பிபி இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வீட்டுக்கு வந்தால் துவண்டு படுப்பார். அன்றைக்கு அவர் உங்களிடம் எரிந்து விழுந்தால் அதில் பாதி மிஷினின் வேலை. டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம் எந்தப் பஞ்சாயத்தையும் எடுக்காதீர்கள். எங்களிடம் வரும் எல்லாத் தம்பதிகளுக்கும் நான் சொல்வது இதுதான்.

சிங்கம்67 எழுதியது:

பொண்டாட்டி கண்டிப்பாக இல்லாவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார் அம்மா. ஆண்பிள்ளைக்கு நாக்கைக் கட்டத் தெரியாது. பானையைத் தூக்கி உள்ளே வையுங்கள். என் சித்தப்பாவுக்கு டயாலிசிஸையே நிறுத்த வைத்த ஒரு லேகியம் இருக்கிறது, [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்: லேகியத்தின் பெயரும் போன் நம்பரும் நீக்கப்பட்டன. டயாலிசிஸை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. இது இரண்டாவது எச்சரிக்கை.

உறையூரான் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிற நோயாளி. கழுத்தில் குழாய் வைத்து ஆரம்பித்து, பிறகு இடது கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) போட்டு, இப்போது பழகிவிட்டது.

பாவுநூல் அக்கா, அந்தப் பாட்டிலை முதலில் தூக்கி எறியுங்கள். நாள் முழுக்க அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தால், தாகமே இல்லாத நேரத்திலும் தாகம் எடுக்கும். சாயங்காலம் யாரோ அதைத் தூக்கிப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தால், வெளியே குடித்துவிட்டு வந்து பாட்டிலை நிறைவாகக் காட்டத்தான் தோன்றும். பரீட்சையில் காப்பி அடிக்கிற பையனின் புத்திதான் இது, ஐம்பது வயதிலும் போகாது.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். எடை நோட்டு என் கைக்கு வந்துவிட்டது. காலையிலும் ராத்திரியிலும் நானே எடை பார்த்து நானே எழுதுவேன். அவள் அந்த நோட்டைத் திறக்க மாட்டாள், கேட்கவும் மாட்டாள். சமையல் முழுக்க அவள் பொறுப்பு, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். பொட்டாசியம் குறைய, காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். உப்பே இல்லாத பொரியல் முதலில் வைக்கோல் போலத்தான் இருந்தது. எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி என்று போட்டுப் போட்டு இப்போது பிள்ளைகளே அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் எடை எல்லை தாண்டிவிட்டால் நான் வாயால் சொல்லியே ஆக வேண்டும். "இன்னைக்கு ரெண்டு எட்டு", அதாவது 2.8 கிலோ ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். அவள் "சரி" என்று மட்டும் சொல்ல வேண்டும். "நான் சொன்னேன்ல" என்பது எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட வசனம். எனக்கே தெரிந்த ஒன்றை இன்னொருவர் சொல்லும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அதைத் தணிக்கவே இன்னொரு டம்ளர் குடிக்கத் தோன்றும்.

சின்னச் சின்ன உபாயம்: ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வது, சின்ன டம்ளர், மாத்திரைகளைத் தனியாகத் தண்ணீர் குடித்து விழுங்காமல் சாப்பாட்டோடு விழுங்குவது (எந்த மாத்திரையை அப்படிப் போடலாம் என்று கேட்டுக்கொண்டு).

செம்பருத்தி எழுதியது:

இந்த இழையில் எல்லோருமே நோயாளி என்றால் கணவன், பார்த்துக்கொள்வது மனைவி என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நோயாளி நான்.

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய். அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. முதல் வருஷமே மாமியார் வீட்டில் "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும்" என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே பெண்களுக்குத் தெரியும். என்னோடு வார்டில் இருந்த இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பி வைத்தார்கள், திரும்பக் கூப்பிடவே இல்லை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளில் பெண்கள் பெற்றது 6,945 மட்டும். இது அரசுக் கணக்கு. உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் மிகப் பெரும்பான்மை. கொடுக்க நாங்கள், வாங்க அவர்கள்.

என் கணவர் என்னை அனுப்பவில்லை. இதற்காக அவரைத் தெய்வம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இதையே ஒரு மனைவி செய்தால் கடமை. சரி, விடுங்கள்.

எனக்கு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் ஒத்துவரவில்லை, பிபி விழுந்துகொண்டே இருந்தது. அதனால் வயிற்று வழி டயாலிசிஸ், சிஏபிடி. ஒரு நாளைக்கு நான்கு தடவை இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட வேண்டும். காலையும் ராத்திரியும் அவர் செய்வார். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவி, பிறகுதான் குழாயைத் தொடுவார். வடிந்து வந்த பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பைக்கு அடியில் வைத்த எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. கலங்கலாக இருந்தால் வயிற்றில் கிருமி, அன்றே ஓட வேண்டும். அதற்கென்று அவர் வைத்திருக்கிற தாள் ஒரு பழைய பஸ் டிக்கெட். நாங்கள் கல்யாணத்துக்கு முன் ஊட்டிக்குப் போன டிக்கெட் என்று அவர் சாதிக்கிறார், கோத்தகிரி என்று நான் சொல்கிறேன். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் மை போய்விட்டதால் இருவருக்கும் நிரூபிக்க வழியில்லை.

பைகளுக்கு மாதச் செலவு அதிகம். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

முத்துக்குளி எழுதியது:

@செம்பருத்தி, கொடுத்தவள் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். என் ஒரு சிறுநீரகம் இப்போது அவரிடம் இருக்கிறது.

1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கணவன்–மனைவி நெருங்கிய உறவுக்குள் வருவார்கள். அதனால் மாநில அனுமதிக் குழுவுக்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. கல்யாணச் சான்று, புகைப்படம், ரேஷன் கார்டு என்று காகிதம் மட்டும் நிறையக் கேட்பார்கள். ரத்த வகை சேராவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு தம்பதியோடு மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். 2011 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். அந்த அறையில் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொன்னால், வெளியே "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று மட்டும் சொல்லி உங்களைக் காப்பாற்றிவிடச் சொல்லலாம். தயங்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இஷ்டம் இருந்தது, கொடுத்தேன்.

யாரும் சொல்லாத விஷயம் அதற்குப் பிறகு வருவது. டயாலிசிஸ் காலத்தில் என்னோடு சண்டை போட்ட மனுஷன், ஆபரேஷனுக்குப் பிறகு சண்டையே போடுவதில்லை. நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார். மகள் படிப்பு, நிலம் விற்பது, எதற்கும் "நீ சொன்னா சரி." கடன்காரன் போல ஒரு பணிவு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் நானே வம்புக்கு இழுத்து, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்த நன்றி?" என்று கத்திவிட்டேன். அன்றைக்குத்தான் பழையபடி பதிலுக்குக் கத்தினார். தெருவே கேட்டிருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸை அவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், தப்பவே கூடாது. எனக்கும் வருஷா வருஷம் பிபி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் எல்லாம் பார்க்க வேண்டும். அதை அவர்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.

தெற்குவாசல் எழுதியது:

உளவியல் ஆலோசகராக இருக்கிறேன், அறிவுரை சொல்லப் போவதில்லை. இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கை போடென்மான் (Guy Bodenmann) 1990-களில் ஒரு கோட்பாடு வைத்தார். ஒருவருக்கு வரும் நெருக்கடியை இருவரும் சேர்ந்து எப்படித் தாங்குகிறார்கள் என்பதை அவர் வகை பிரித்துப் பார்த்தார். துணைக்கு ஆறுதலாக நிற்பது ஒன்று, அவர் செய்துவந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது ஒன்று, இருவரும் ஒன்றாக இறங்குவது இன்னொன்று. அரை மனதோடு செய்வதும், குத்திக்காட்டிக்கொண்டே செய்வதும்கூட அவர் பட்டியலில் உண்டு.

நான் அதிகம் பார்ப்பது வேறு ஒன்று. பயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிப்பது. "அவள் கவலைப்படுவாள்" என்று அவர் சொல்ல மாட்டார், "அவர் உடைந்துவிடுவார்" என்று இவர் அழ மாட்டார். இரண்டு பேரும் தனித்தனி அறையில் ஒரே பயத்தைச் சுமந்துகொண்டிருப்பார்கள்.

உறையூரான்: இதை எங்கள் ஆத்தா ஒரு வரியில் சொல்லும். ஆனாலும் நன்றி சார்.

பருத்தித்துறையான் (ஸ்கார்பரோ) எழுதியது:

எங்களுக்கு இங்கே ஒன்ராறியோவில் வீட்டிலேயே இயந்திரம் தந்திருக்கிறார்கள், அரச செலவில். நானும் மனிசியும் சில கிழமைகள் பயிற்சிக்குப் போனோம். குழாய் பூட்டுவது, இயந்திரத்தைக் கழுவுவது, அலாரம் அடித்தால் என்ன செய்வது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஊசியை நானே என் கையில் ஏற்றிக்கொள்வேன். தாதி அவளுக்கும் பழக்கத்தான் பார்த்தா. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை நோகப் பண்ணுகிற வேலை அவளுடையதாக இருக்கக் கூடாது. என்னவோ, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பாவுநூல் எழுதியது:

நான் மீனாவின் வீட்டுக்காரர். அவளுடைய ஐடியிலிருந்துதான் எழுதுகிறேன், அவளுக்குத் தெரிந்தேதான். எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள்.

நான் டீக்கடைக்குப் போவது தாகத்துக்கு மட்டும் இல்லை. தறிக்கூடத்தில் எல்லோருக்கும் என் நோய் தெரியும். பாவு நூல் உருளையைத் தூக்கப் போனால் "அண்ணா விடுங்க" என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். பிஸ்டுலா இருக்கிற கையில் கனம் தூக்கக் கூடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பாட்டில். ஆஸ்பத்திரியில் மிஷின். அந்த முக்கு டீக்கடையில் மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு டீ சொன்னால் ஒரு டீ வரும், எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிஷம் நான் சாதாரண ஆள்.

வடை தின்றது உண்மை. அதை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்றெல்லாம் சத்தியம் செய்ய மாட்டேன்.

மூணாவது ஷிப்ட்: அண்ணா, டீக்கடையை விட வேண்டாம். அரை டீ சொல்லுங்கள், அதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வடை மட்டும் வேண்டாம்.

சிங்கம்67: அரை டீ சொல்லி ஆரம்பித்து முழு டீயில்தான் முடியும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி: அண்ணா, அந்த டீக்கடைக்கு ஒருநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் நாள் முழுக்க 'நோயாளியின் பெண்டாட்டி'தான்.

பாவுநூல்: இது மீனா. பெண்கள் அந்த டீக்கடைக்குப் போக மாட்டார்கள் என்கிறார். அதையும் பார்க்கலாம்.

பெயர் வேண்டாம் எழுதியது:

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு எங்களுக்குள் தாம்பத்தியம் என்பதே இல்லை. அவர் பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு 38 வயது. இதைக் கேட்பதே தப்போ என்று தோன்றுகிறது.

முத்துக்குளி: தப்பே இல்லை தங்கச்சி. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆண்களுக்கு டயாலிசிஸில் இது ரொம்பச் சாதாரணம். ரத்தசோகை, ஹார்மோன், பிபி மாத்திரை, சோர்வு, மனசு, எல்லாம் சேர்ந்து வருவது. பெண் நோயாளிகளுக்கும் ஆசை குறையும், மாதவிலக்கு தாறுமாறாகும். அவர் உங்களை வெறுத்துவிட்டார் என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். டாக்டர்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நான் ஒரு சீட்டில் எழுதி நெப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக டாக்டர்) நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சாதாரணமாக மாத்திரைகளை மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

மூணாவது ஷிப்ட்: ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் தானாக வயாகரா மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டுவிட வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்துப் போட்டால் பிபி பாதாளத்துக்குப் போய்விடும். டாக்டர் வழியாகத்தான்.

பெயர் வேண்டாம்: சீட்டு எழுதுவது என்னால் முடியும் என்று நினைக்கிறேன். நன்றி அக்கா.

பாவுநூல் எழுதியது:

கடைசியாக ஒரு உதவி. ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம் திருநெல்வேலியில். அவருக்குத் தாய்மாமன் சீர் இருக்கிறது, போயே ஆக வேண்டும். நடுவில் ஒரு டயாலிசிஸ் வருகிறது. விட்டுவிட்டு ஒருநாள் தள்ளிப் போடலாமா?

மூணாவது ஷிப்ட் எழுதியது:

தள்ளிப் போடாதீர்கள். இரண்டு நாள் இடைவெளியே ஆபத்தானது, அதை மூன்றாக்க வேண்டாம், அதுவும் கல்யாணச் சாப்பாட்டோடு. திருநெல்வேலியிலேயே ஒரு யூனிட்டில் அன்றைக்கு மட்டும் இடம் கேட்கலாம். இப்போதே போன் செய்யுங்கள், முகூர்த்த நாளில் சீட் கிடைப்பது கஷ்டம். காப்பீட்டில் எடுத்துக்கொள்வார்களா, கையிலிருந்து கட்ட வேண்டுமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள் புதிதாக இருக்க வேண்டும், அது இல்லாமல் யாரும் மிஷினில் ஏற்ற மாட்டார்கள். உங்கள் யூனிட்டில் டிரை வெயிட் (கூடுதல் தண்ணீர் இல்லாத எடை), ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, எந்த டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் குழல்), கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் போனால் டயாலிசிஸ் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு. சிகிச்சைக்காகப் போகிறார் என்று ஆஸ்பத்திரி தரும் படிவம் வேண்டும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

பாவுநூல்: காலை ஷிப்ட் கேட்கவா, மதியமா? முகூர்த்தம் ஒன்பதரைக்கு.

மூணாவது ஷிப்ட்: முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை ஷிப்ட் வாங்குங்கள். அன்று முழுக்கப் படுத்துக் கிடந்தாலும், மறுநாள் நின்று சீர் செய்வார்.